முன்பள்ளி மனுவின் முதல் பக்கத்தில் எது வர வேண்டும்: ஆய்வா, நாம் கண்டதா?

கண்டாவளை ஆசிரியை:
முன்பள்ளி ஆசிரியர்களின் கொடுப்பனவை உயர்த்தவும், பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரப் பயணச் செலவு தரவும் கேட்டு மாகாணக் கல்வி அமைச்சுக்கு மனு எழுதுகிறோம். முதல் பக்கத்தில் நாம் கண்டதே வர வேண்டும். என் வகுப்புத் தாய்மாரில் பலர் 2009 இல் போர் முடிந்தபோது சிறுமிகள், வவுனியாவின் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் கூடாரங்களில் இருந்தவர்கள். விளையாடும் வயதில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். இன்று விடியுமுன்னே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். பிள்ளை அம்மம்மாவோடும் கைபேசியோடும் வளர்கிறது. நான்கு வயதிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளைகள் வருகிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று?

மல்லாவி வாசன்:
ரீச்சர், நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். பணம் ஒதுக்குகிறவர் நம்ப வேண்டுமே! ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986-87 இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகள் வாரந்தோறும் போனார்கள். கையால் செய்த விளையாட்டுப் பொருள்களோடு போய், பிள்ளையோடு விளையாடத் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் 22 வயதில் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் அந்தப் பலன் நிலைக்கவில்லை. நம்மிடம் திரிபோஷா சத்துமா இருக்கிறது, வீட்டுக்குப் போக ஆள் இல்லை. முதல் பக்கத்துக்கு இதுவே போதும்.

ஒட்டுசுட்டான் தாய்:
வாசன் தம்பி, கிங்ஸ்டன் பிள்ளைகள் போர் முடிந்த மண்ணில் பிறக்கவில்லை. முன்பள்ளியின் நீண்டகாலப் பலனுக்கு எல்லாரும் மேற்கோள் காட்டும் அமெரிக்காவின் மிச்சிகன் பெரி முன்பள்ளி ஆய்வையும் பாருங்கள். 1962 இல் தொடங்கிய அதில் ஓர் ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகள் அளவில்தான் இருந்தார்கள். அந்தப் பலனைக் காட்டிவிட்டு, முப்பது பிள்ளைகளை ஓர் ஆசிரியையிடம் விடுவது நேர்மையா? எண்ணைக் கேட்டால் அது வந்த நிபந்தனையையும் சேர்த்துக் கேளுங்கள்.
ரீச்சரிடமும் ஒன்று. எங்கள் ஊர் சிறியது. "பேசாத பிள்ளை, தொழிற்சாலைத் தாய்" என்று எழுதினாலே யார் வீடு என்று தெரிந்துவிடும். நானும் பஸ்ஸில் ஏறும் தாய்தான். என் பிள்ளையைக் காட்சிப் பொருளாக்க நான் ஒப்பமாட்டேன்.

மல்லாவி வாசன்:
நிபந்தனை பற்றிச் சொன்னது சரி, அக்கா. ஆனால் கிங்ஸ்டனில் வீடுகளுக்குப் போனவர்கள் பட்டதாரிகள் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். ஆகவே வீட்டுச் சந்திப்பு நம்மால் முடியாதது அல்ல.

கண்டாவளை ஆசிரியை:
தங்கச்சி, தாய் ஒப்பாத ஒரு வரியும் மனுவில் வராது. ஊர், வயது, தொழில் எதையும் எழுதமாட்டேன். ஆனால் தாய்மாரின் குரலைப் பின்னிணைப்புக்குத் தள்ள ஒப்பமாட்டேன். வன்னியின் கூட்டு மனவடு, அதாவது போரால் ஒரு சமூகமே சேர்ந்து சுமக்கும் உளக்காயம், பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் வெளியிட்ட ஆய்வும் இடம்பெயர்ந்தோரின் வாய்மொழியைக் கேட்டு எழுதப்பட்டதே. கேட்டு எழுதியதும் ஆய்வுதான், வாசன். உங்கள் ஜமைக்கா கணக்கு இரண்டாம் பக்கத்தில் வரட்டும். வீட்டுச் சந்திப்புக்கான செலவை அதன் கீழேயே எழுதித் தாருங்கள்.

ஒட்டுசுட்டான் தாய்:
எழுதியதை அனுப்புமுன் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், அன்றுதான் எங்களுக்கு வேலை இல்லை.