குளூட்டன் இல்லாத ரொட்டி, ஓவனை விட்டு வெளியே வந்ததும் ஏன் குழிந்துவிடுகிறது?

கேள்வி: மாவுக்கை

என் மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடல் ஏற்காத நோய், இருப்பது உறுதியாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வீட்டிலிருந்து ஒழித்தாயிற்று. மற்ற உணவுகளுக்கு ஏதோ ஒரு மாற்று அமைந்துவிட்டது. ரொட்டி ஒன்றுதான் இன்னும் கைக்கு வசப்படவில்லை. இதுவரை ஐந்து முறை சுட்டிருக்கிறேன். ஐந்தும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் காரணத்தை நானே கண்டுபிடித்திருப்பேன். முதலாவது வெறும் அரிசி மாவில் செய்தது. கத்தியை வைத்ததும் மணலாக உதிர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் ரப்பராக இழுத்தன. நான்காவது எழும்பவே இல்லை.

நேற்றுச் செய்த ஐந்தாவதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். இரண்டு கப் அரிசி மாவு, ஒரு கப் மரவள்ளி மாவு, ஒரு தேக்கரண்டி சாந்தன் கம் (கெட்டிப்படுத்தும் பசைப்பொடி), ஒரு பொட்டலம் ஈஸ்ட், ஒன்றரைக் கப்புக்குச் சற்று மேல் தண்ணீர். கோதுமை ரொட்டிக்குச் செய்வதைப் போலவே பத்து நிமிடம் பிசைந்து, ஒரு மணி நேரம் உப்ப விட்டு, அமுக்கிக் காற்றை வெளியேற்றி, பிறகு டின்னில் இட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் வைத்தேன். டின்னின் விளிம்பைத் தாண்டி அழகாக எழும்பி நின்றது. 180 டிகிரியில் 35 நிமிடம் சுட்டேன்; மேற்புறம் நன்றாகச் சிவந்திருந்ததால் எடுத்துவிட்டேன். பத்தே நிமிடத்தில் நடுப்பகுதி கிண்ணம் போலக் குழிந்தது. சூட்டோடு அறுத்துப் பார்த்தபோது அடியில் ஒரு விரல் கனத்துக்கு வேகாத பசை இருந்தது; கத்தியைச் சுரண்டித்தான் கழுவ வேண்டியதாயிற்று. குற்றம் மாவிலா, தண்ணீரிலா, நேரத்திலா? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: ஒற்றை உப்பல்

சகோதரி, உங்கள் கையில் குற்றமில்லை. கோதுமைக்குரிய வழிமுறையைக் கோதுமை இல்லாத மாவின் மேல் நடத்தியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் தொடக்கத்தில் செய்ததுதான்.

கோதுமை மாவில் நீர் சேர்ந்ததும் குளூட்டெனின், கிளையடின் என்ற இரு புரதங்கள் பின்னிக்கொண்டு குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. பிசைவது அந்த வலையை முறுக்கேற்றுவதற்காக; ஒருமுறை உப்பியதை அமுக்கிவிட்டு மறுபடி உப்ப விட முடிவதும், வலை அறுபடாமல் திரும்ப எழுவதால்தான். உங்கள் மாவில் அந்த வலையே இல்லை என்பதால் பத்து நிமிடம் பிசைந்ததில் கைதான் வலித்திருக்கும். முதல் உப்பலை அமுக்கியபோது வெளியேறிய வாயு போனது போனதுதான். ஈஸ்ட்டுக்குக் கிடைத்த சர்க்கரையில் பெரும்பகுதியும் அதோடு செலவாகிவிட்டது. ஆகையால் குளூட்டன் இல்லாத ரொட்டிக்குப் பிசைதல் வேண்டாம், நன்றாகக் கலந்தால் போதும். உப்பலும் ஒரே ஒருமுறை, டின்னிலேயே நடக்கட்டும்.

வலைக்குப் பதிலாக எதை வைப்பது என்பதுதான் அடுத்தது. சாந்தன் கம் கெட்டித்தன்மை தரும். ஆனால் ஈஸ்ட் ரொட்டிக்கு அதை மட்டும் நம்பினால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும் என்பது என் அனுபவம். நான் பயன்படுத்துவது இசப்கோல் உமி. அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை இழுத்துக் களியாகி, வாயுக் குமிழிகளைச் சுற்றி ஓரளவு இழுபடக்கூடிய சுவரை உண்டாக்குகிறது. மொத்த மாவின் எடையில் 5 சதவீதம் போதும். தூளாக அரைத்தது என்றால் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். தூள் இன்னும் வேகமாக நீரை இழுக்கும்.

கப்பை இன்றே ஒதுக்கிவிட்டு ஒரு எடைத்தராசு வாங்கிக்கொள்ளுங்கள். அமுக்கி நிரப்பிய கப்புக்கும் தூவி நிரப்பிய கப்புக்கும் உள்ள எடை வித்தியாசம், இந்த வகை ரொட்டியில் பசைக்கும் மணலுக்கும் உள்ள வித்தியாசமாகவே முடியும். நான் ஒரு டின்னுக்கு எடுத்துக்கொள்ளும் அளவு இது: நைசாக அரைத்த அரிசி மாவு 160 கிராம், வெண்சோள மாவு 100 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 80 கிராம், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 60 கிராம், ஆக 400 கிராம். இதற்கு இசப்கோல் உமி 20 கிராம், தண்ணீர் 400 கிராம், உப்பு 8 கிராம், சர்க்கரை 15 கிராம், எண்ணெய் 20 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், வினிகர் இரண்டு தேக்கரண்டி. மாவின் எடைக்குச் சமமாகத் தண்ணீரா என்று மலைக்க வேண்டாம். கோதுமை மாவுக்கு அது மிக அதிகம், இதற்கு அதுவே அளவு.

பெயர்க் குழப்பம் இரண்டு உண்டு. வெண்சோள மாவு என்பது கடையில் கார்ன்ஃப்ளவர் என்று விற்கும் மக்காச்சோள ஸ்டார்ச் அன்று. அதேபோல மரவள்ளிக் கிழங்கை முழுதாக உலர்த்தி அரைத்த மாவும், அதிலிருந்து பிரித்தெடுத்த வெண்மையான ஸ்டார்ச்சும் ஒன்றன்று. நீர் பிடிக்கும் அளவு இரண்டுக்கும் வேறு. உங்கள் மூன்றாவது ரொட்டி ரப்பரானதற்கு மரவள்ளி ஸ்டார்ச் மிகுந்துபோனது காரணமாக இருக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் உமியைத் தூவிய கையோடு துடுப்பால் அடித்துக் கலக்குங்கள். அரை நிமிடம் தாமதித்தால் கட்டி விழுந்துவிடும். ஐந்து நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் மொத்தமாகத் தொங்கும் களியாகியிருக்கும். அதற்குப் பிறகே மற்றவற்றைச் சேர்த்துப் பிசிறு இல்லாமல் கலந்து, நனைத்த கையால் டின்னில் அழுத்தி, மேற்புறத்தை வழித்துவிடுங்கள்.

பதில் 2: வெப்பமானி

மேலே உள்ளவர் சொன்ன பொருளளவில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவருடைய ரொட்டி குழிந்ததற்கு மாவைவிட நேரத்தையே நான் குற்றம் சொல்வேன்; அந்த மாவையே வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் திருத்தியிருந்தாலும் பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

முதலாவது, விளிம்பைத் தாண்டி அழகாக எழும்பியது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, ரொட்டி கெட்டது அந்த இடத்தில்தான். வலை இல்லாத மாவு ஓரளவுக்கு மேல் வாயுவைத் தாங்காது. குமிழிகளின் சுவர் மெலிந்து ஒன்றோடொன்று உடைந்து கலக்கும், வெளிப்பார்வைக்கு அது தெரியாது. இருந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனதும், விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்போதே ஓவனுக்குள் போய்விட வேண்டும். மேற்பரப்பில் ஊசித் துளைகள் தெரியத் தொடங்கினால் ஏற்கெனவே தாமதம்.

இரண்டாவது, வேகவே இல்லை. கோதுமை ரொட்டியில் புரத வலையும் சேர்ந்து வடிவத்தைத் தாங்குகிறது; இங்கே ரொட்டியை நிறுத்துவது பெரும்பாலும் ஸ்டார்ச்தான். ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரிக்குள் ஸ்டார்ச் மணிகள் நீரைக் குடித்துப் பருத்துக் களியாகின்றன. ஆனால் அந்தக் களி தன் பாரத்தைத் தானே தாங்கும்படி இறுகுவதற்கு மிகுதியான நீர் ஆவியாக வெளியேற வேண்டும். இவ்வளவு நீர் உள்ள மாவுக்கு 180 டிகிரியில் 35 நிமிடம் எப்படிப் போதும்? மேலோடு சிவந்தது என்பது மேலோட்டுக்கு மட்டுமே சான்று. 220 டிகிரியில் 20 நிமிடம், பிறகு 200 டிகிரியில் 40 நிமிடம் என்று வைத்துப் பாருங்கள்; மேற்புறம் கருகுவதாகத் தோன்றினால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடுங்கள். குச்சி வெப்பமானி ஒன்றை நடுவே குத்தி 97 அல்லது 98 டிகிரி காட்டிய பிறகு எடுங்கள். கோதுமை ரொட்டி 93 டிகிரியிலேயே வெந்துவிடும் என்பதால் அந்தக் கணக்கைக் கொண்டுவர வேண்டாம்.

மூன்றாவது, சூட்டோடு அறுத்தது. டின்னிலிருந்து உடனே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். டின்னிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கி நீராகும், நீங்கள் கண்ட பசைக்கு அதுவும் துணைபோயிருக்கும். முழுதாக ஆறக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை உள்ளே ஸ்டார்ச் இறுகிக்கொண்டே இருக்கிறது. நான் மூன்று மணி நேரம் தொடுவதில்லை. வீட்டில் மணம் பரவும்போது அது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆறிய பிறகு இறுக்கம் அதோடு நிற்காது. மறுநாளே இந்த ரொட்டி காய்ந்து உதிரத் தொடங்கும். குளிர்பதனப் பெட்டியின் குளிர்ச்சியில் அந்த மாற்றம் இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே அன்றைக்கே துண்டு போட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டு, வேண்டும்போது நேரே சூடாக்கிக்கொள்ளுங்கள். முட்டை சாப்பிடுபவர்கள் என்றால் தண்ணீரில் 100 கிராமைக் குறைத்து இரண்டு முட்டை சேர்க்கலாம். அதன் புரதம் சூட்டில் உறைந்து சுவர்களுக்குப் பலம் தரும். எனக்கு முட்டை சேர்த்ததுதான் பிடிக்கும், முதல் பதில் தந்தவர் இதற்கு இணங்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

பதில் 3: இரண்டு சல்லடை

என் மகனும் சீலியாக் நோயாளி என்பதால் ரொட்டியின் வடிவத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, அது உண்மையிலேயே குளூட்டன் இல்லாததா என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பன்னாட்டு உணவுத் தர விதிமுறையான கோடெக்ஸ், ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லாதிருந்தால்தான் அதைக் குளூட்டன் இல்லாதது என்று அழைக்க இடம் தருகிறது. சுட்டெடுத்த உங்கள் ரொட்டி 800 கிராம் என்று வைத்துக்கொண்டால், அந்த எல்லை முழு ரொட்டிக்கும் 16 மில்லிகிராம். கோதுமை மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 160 மில்லிகிராம் மாவு, அதாவது ஒரு சிட்டிகை, முழு ரொட்டியையும் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். பழைய சல்லடையின் கண்களில் ஒட்டியிருப்பதே அவ்வளவு இருக்கும். எவ்வளவு கழுவினாலும் சல்லடையை நான் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் புதிதாக ஒன்று வாங்கி, காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். கீறல் விழுந்த மரப்பலகை, மரக்கரண்டி, கோதுமை ரொட்டி சுட்ட டோஸ்டர் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

அரிசி மாவிலும் வெண்சோள மாவிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அவற்றையும் அரைத்திருந்தால் பயனில்லை. பேக்கிங் பவுடர் சிலவற்றில் நிரப்பியாகக் கோதுமை ஸ்டார்ச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட்டில் ரொட்டிக்கென்று விற்பது பொதுவாகச் சிக்கல் தராது, பீர் வடிப்பில் மிஞ்சும் ஈஸ்ட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதில் பார்லி கலந்திருக்கும். ஓட்ஸைப் பொறுத்தவரை, குளூட்டன் இல்லாதது என்று சான்றளித்ததைக்கூட ஒரு சிலரின் உடல் ஏற்பதில்லை; மருத்துவரைக் கேட்காமல் மாவில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இந்த நோய் இருக்குமோ என்று ஐயம் இருந்தால், இரத்தப் பரிசோதனை முடியும் வரை அவர்கள் வழக்கமான உணவையே உண்ணட்டும். எல்லோரும் சேர்ந்து கோதுமையை விட்டுவிட்டால் பரிசோதனை நோயைக் காட்டாமல் போகலாம்.

கேட்டவரின் மறுபதிவு: மாவுக்கை

மூவருக்கும் நன்றி. ஆறாவது ரொட்டியைத் தராசு வைத்து, முட்டை சேர்க்காமல், முதல் பதிலில் உள்ள அளவுப்படியே செய்தேன். 45 நிமிடத்தில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் எழும்பட்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு உள்ளே வைத்தேன். 55ஆவது நிமிடத்தில் வெப்பமானி 94 காட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் வெந்துவிட்டது என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். 98 ஆவதற்கு மொத்தம் 66 நிமிடம் பிடித்தது. மூன்று மணி நேரம் கழித்து அறுத்தேன். குழியவில்லை, அடியில் பசை இல்லை, துண்டை வளைத்தால் ஒடியாமல் வளைகிறது. மகள் மேலோட்டை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டுப் பிறகு உட்பகுதிக்கு வந்தாள்.

இரண்டு ஐயங்கள். உட்பகுதி இலேசான ஊதா நிறத்தில் இருக்கிறது, பொருள் கெட்டுவிட்டதா? மேலோட்டுக்குக் கீழே ஓரிடத்தில் எலி வளை போல நீண்ட பொந்து ஒன்றும் இருக்கிறது.

பதில் 4: ஒற்றை உப்பல்

ஊதா நிறம் இசப்கோலால் வருவது, கெடுதல் இல்லை. சில தயாரிப்புகளில் வரும், சிலவற்றில் வராது. அடுத்த முறை வெளிறிய நிறமுள்ள முழு உமியாகப் பார்த்து வேறொரு தயாரிப்பை வாங்கிப் பாருங்கள்.

பொந்து ஈஸ்ட்டால் வந்ததன்று, கரண்டி கரண்டியாக டின்னில் போடும்போது இடையில் சிறைப்பட்ட காற்று. கலவையை ஒரே உருண்டையாகத் திரட்டி ஒரே வீச்சில் டின்னில் இறக்கி, நனைத்த கைமுட்டியால் மூலைகளை நோக்கி அழுத்தி, டின்னை மேசையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். இதை உப்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், உப்பிய பிறகு தட்டினால் மறுபடி கிண்ணம்தான். முட்டையைப் பற்றி: இரண்டாம் பதில் தந்தவர் நினைத்தது சரி, நான் சேர்ப்பதில்லை; ஆனால் அவர் சொன்ன 97 டிகிரியை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இத்தனை நாளும் டின்னின் அடியைத் தட்டி ஓசை கேட்டுத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.