பழைய பியானோ ரோலை மறுபடி வெட்டி விற்கலாமா? ராயல்டி யாருக்குப் போகும்?

பெட்டிக்குள்பாட்டு (நியூ ஜெர்சி) கேட்டது:

வணக்கம். போன வருஷம் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் பழைய பிளேயர் பியானோ ஒன்று வாங்கினேன். 88 கட்டையும் வாசிக்கிற, நிமிர்ந்து நிற்கும் சாதாரண அப்ரைட் வகைதான். பெடலை மிதித்தால் காற்றை இழுத்து, காகித ரோலில் உள்ள துளைகளைப் படித்து, கட்டைகளைத் தானே அழுத்தி வாசிக்கும். கூடவே ஒரு மரப்பெட்டி நிறைய ரோல் வந்தது. பெரும்பாலும் 1910களிலும் 20களிலும் வந்தவை. ஐம்பது, அறுபதுகளைச் சேர்ந்தவை கொஞ்சம். இவற்றின் ஓரத்தில் பாட்டு வரிகளும் அச்சாகியிருக்கின்றன, மிதித்துக்கொண்டே பாடுவதற்கு.

பல ரோல்களில் காகிதம் அப்பளமாக நொறுங்குகிறது. ஓரம் கிழிந்தால் ரோல் ஒரு பக்கம் நகர்ந்து, துளை ட்ராக்கர் பாரோடு (துளைகளைப் படிக்கும் பட்டை) பொருந்தாமல் பாட்டே குழம்பிவிடுகிறது. ஸ்கேன் செய்து புதுக் காகிதத்தில் வெட்டிக் கொடுக்க ஒருவர் கிடைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் 30 பிரதி வெட்டினால் செலவு கட்டுப்படியாகும், எனக்கு ஒன்று போக மீதியை இதே ஆசை உள்ளவர்களுக்கு விற்கலாம் என்று யோசிக்கிறேன். நூறு வருஷக் காகிதத்துக்கு என்ன காப்பிரைட் என்கிறார் ஒரு நண்பர். வழக்கு வரும் என்கிறார் இன்னொருவர். ஸ்கேனிலிருந்து வரும் மிடி கோப்புகளை (கணினி வாசிக்கக்கூடிய இசைக் குறிப்புக் கோப்புகள்) இணையத்தில் இலவசமாகப் போடலாமா என்பதும் தெரிய வேண்டும்.

துளைக்காரன் (ஒஹாயோ):

தம்பி, நான் வக்கீல் இல்லை. ரொம்ப காலமாக இந்தப் பியானோக்களைப் பழுது பார்க்கிறேன், சின்ன அளவில் ரோலும் வெட்டுகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

காகிதத்தின் வயசை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாட்டு ஷீட் மியூசிக்காக, அதாவது இசைக்குறிப்புத் தாளாக, எப்போது அச்சில் வந்தது என்பதுதான் கணக்கு. அமெரிக்காவில் இப்போது, 2026 தொடங்கியதும், 1930 வரை அச்சான பாட்டுகள் எல்லாம் பொதுவுடைமை, அதாவது உரிமைக் காலம் முடிந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். அவற்றின் அந்தக் காலத்து ரோல்களைத் தாராளமாக வெட்டுங்கள், விற்கலாம், யாருக்கும் ஒரு சென்ட்கூடத் தர வேண்டியதில்லை. உங்கள் பெட்டியில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

மிச்சம் கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் கேட்கும் ராயல்டி பிறந்ததே நம் ரோலால்தான்.

ஆடம் கைபெல் என்று ஒரு இசையமைப்பாளர், கண் பார்வை இல்லாதவர். அவருடைய இரண்டு பாட்டுகளை அப்பல்லோ கம்பெனி ரோலாகப் போட்டு விற்றது. ஒரு பைசா தரவில்லை. பதிப்பாளரான வைட்-ஸ்மித் வழக்குப் போட்டு, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1902-லேயே நாட்டில் 70,000 முதல் 75,000 பிளேயர் பியானோ இருந்தன, அந்த ஒரே வருஷத்தில் 10 லட்சம் முதல் 15 லட்சம் ரோல் தயாரானது என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய வியாபாரம். ஆனால் 1908 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, ரோல் என்பது பாட்டின் நகலே இல்லை என்றது. மனுஷன் கண்ணால் பார்த்துப் படிக்க முடியாத துளைகள் இயந்திரத்தின் உறுப்பு மாதிரிதான் என்பது நீதிபதிகள் சொன்ன காரணம். நீதிபதி ஹோம்ஸ் முன்தீர்ப்புகளுக்குக் கட்டுப்பட்டு ஒத்துக்கொண்டாலும், இது நியாயமாக இல்லை என்பதைத் தனியாக எழுதி வைத்தார். கண் தெரியாமல், காதை மட்டும் நம்பிப் பாட்டுக் கட்டிய ஒருவருக்குக் கண்ணை அளவுகோலாக வைத்துத் தீர்ப்பு சொன்னார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

அடுத்த வருஷமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது. ரோல் ஒன்றுக்குப் பாட்டின் உரிமையாளருக்கு 2 சென்ட் ராயல்டி. ஆனால் இதில் ஒரு நிபந்தனை. பாட்டின் உரிமையாளர் ஒரு கம்பெனிக்கு ரோல் போட அனுமதி கொடுத்துவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் 2 சென்ட் கட்டிவிட்டு அதே பாட்டைப் போடலாம், உரிமையாளர் மறுக்க முடியாது. ரோல் தயாரிப்பில் இருந்த ஏயோலியன் கம்பெனி பெரிய பதிப்பாளர்களோடு முன்கூட்டியே தனி ஒப்பந்தம் போட்டு வைத்திருந்தது. ரோல் தொழில் முழுக்க ஒரே கைக்குப் போய்விடும் என்ற பயத்தில்தான் இந்தக் கட்டாய உரிமம் வந்தது. இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாம் பிறகு இதே வழியில்தான் போயின. அந்த 2 சென்ட் 1977 முடியும் வரை அப்படியே இருந்தது. ஒரு ரொட்டியின் விலை எத்தனையோ மடங்கு ஏறியும் பாட்டுக் கட்டியவருக்கு 2 சென்ட்டுக்கு மேல் கிடைக்கவில்லை. 2006 முதல் 9.1 சென்ட், 2023-ல் 12 சென்ட், பிறகு விலைவாசியை ஒட்டி வருஷா வருஷம் கொஞ்சம் கூடுகிறது. 5 நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டுக்கு நிமிஷக் கணக்கு.

இப்போது உங்கள் கணக்கு. உரிமை உயிரோடு இருக்கும் பாட்டு ஒன்றை 30 ரோல் வெட்டினால் ராயல்டி 4 டாலர் பக்கம்தான் வரும். பணம் பெரிதே இல்லை, காகித வேலைதான் பெரிது. விற்கும் முன் உரிமையாளருக்கு முறைப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதுவும் வெட்டுவதற்கு முன்போ வெட்டிய 30 நாளுக்குள்ளோ. மாதா மாதம் 20-ஆம் தேதிக்குள் கணக்கும் பணமும் போக வேண்டும். வருஷக் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்து வேண்டும். 4 டாலருக்கு ஆடிட்டரா என்று மலைக்காதீர்கள். நான் பதிப்பகத்துக்கே நேரடியாகக் கடிதம் எழுதிவிடுவேன்: இந்தப் பாட்டு, இத்தனை ரோல், சட்டம் சொல்லும் விகிதத்தில் மொத்தத் தொகையை முன்னாலேயே அனுப்புகிறேன், சம்மதமா என்று. சம்மதம் எழுத்தில் வந்தால் போதும். ஆளே அகப்படாவிட்டால் காப்பிரைட் அலுவலகத்தில் நோட்டீஸைத் தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது.

மூன்று இடத்தில் கால் இடறும், கவனமாக இருங்கள்.

முதலாவது, ஓரத்தில் அச்சான வரிகள். கட்டாய உரிமம் துளைக்கு மட்டும்தான், எழுத்துக்குச் செல்லாது. 1917-லேயே ஸ்டாண்டர்ட் மியூசிக் ரோல் கம்பெனி இதில் தோற்றது. ரோலோடு வரிகளைத் தனிச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள், 2 சென்ட்டில் அது அடங்காது என்று கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே ஐம்பதுகளின் ரோல்களை வெட்டினால் வரிகள் இல்லாமல் வெட்டுங்கள், அல்லது வரிகளுக்குத் தனி அனுமதி வாங்குங்கள்.

இரண்டாவது, ரோலில் மட்டும் வந்து ஷீட் மியூசிக்காக அச்சே ஆகாத உருப்படிகள். பலருக்கு இது தெரியாது. 1978-க்கு முன் ரோலோ இசைத்தட்டோ விற்றதைப் பாட்டு வெளியானதாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. 1925-ல் ஆயிரக்கணக்கில் விற்ற ரோலாக இருந்தாலும், பாட்டு அச்சில் வராதிருந்தால் அது வெளியாகாத படைப்பு. அப்போது அச்சானதிலிருந்து 95 வருஷம் என்ற கணக்கு பொருந்தாது. இசையமைப்பாளர் இறந்து 70 வருஷம் ஆனதா என்றுதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, 1978-க்குப் பிறகு வந்த ரோல்கள். பாட்டு ராக்டைம் என்ற பழைய பியானோ நடையில் 1915-ஆம் வருஷம் வந்ததாகவே இருக்கலாம். அதை ஒருவர் புதிதாக அமைத்து, எந்த விரலுக்கு எந்தத் துளை என்று உட்கார்ந்து குறித்திருந்தால் அந்த அமைப்புக்கு அவருக்கு உரிமை உண்டு. அந்த வேலை எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இடது கையில் ஒரு பத்து நொடிக்கு நடை சரியாக விழவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். இன்றைக்கு அதைச் செய்கிறவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்கள் ரோலை ஸ்கேன் செய்து விற்றால் அந்தக் கலையையே நாம் சாகடிக்கிறோம். காசு கொடுத்து வாங்குங்கள்.

மிடி கோப்பு விஷயத்தில் பொதுவுடைமைப் பாட்டை மட்டும் போடுங்கள். இலவசம் என்பதால் உரிமை போய்விடாது.

வெள்ளவத்தைப்பொடியன் (லண்டன்):

துளைக்காரன் அண்ணை நல்லாச் சொல்லிப்போட்டார். இங்கத்தைக் கதை கொஞ்சம் வேறை எண்டதாலை ஒரு குறிப்பு.

இங்கையும் பூசி எதிர் வைட் எண்ட வழக்கிலை ரோல் நகல் இல்லை எண்டுதான் தீர்ப்பு. 1911 சட்டம்தான் அதை மாத்தினது. ஆனா இங்கை சென்ட் கணக்கில்லை, விற்கிற விலையிலை நூற்றுக்கு 5. முதல் ரெண்டு வருசம் மட்டும் இரண்டரை. அதை வசூலிக்க முத்திரை ஒட்டினவை. என்னட்டை இருக்கிற சில ரோலிலை இப்பவும் இருக்கு, தபால்தலை மாதிரிச் சின்னன். ரோலை விரிக்கேக்கை ஆரம்பத்திலை வாற வெறுங்காகிதத்திலை ஒட்டியிருக்கும். அந்த முத்திரையைத் தயவுசெய்து உரிச்சு எடுக்காதேங்கோ. அந்த ரோலுக்கு இசையமைப்பாளருக்குக் காசு போனது எண்டதுக்கு அதுதான் சாட்சி.

1988 சட்டத்தோடை கட்டாய உரிமம் இங்கை இல்லாமல் போட்டுது. இப்ப பாட்டு உரிமையாளருக்காக உரிமம் குடுக்கிற எம்சிபிஎஸ் எண்ட அமைப்பிட்டைத்தான் உரிமம் எடுக்கவேணும். உரிமைக்காலமும் ஆள் செத்து 70 வருசம். அமெரிக்காவிலை வெட்டினதை ஐரோப்பாவுக்கு அனுப்பிறதெண்டால் கவனம், முக்கியமா ஜெர்மனி. அவைக்கும் அமெரிக்காவுக்கும் 1892-ல் போட்ட ஒப்பந்தம் ஒண்டு இருக்கு. அதாலை அமெரிக்காவிலை உரிமை முடிஞ்ச பாட்டுக்கும் அங்கை முழு 70 வருசமும் ஓடும்.

மதுரை_வீணை:

குறுக்கே ஒரு கேள்வி. ஐம்பதுகளின் தமிழ்ச் சினிமாப் பாட்டு ஒன்றை ரோலாக வெட்டி அமெரிக்காவில் விற்றால் இதே முறைதானா?

துளைக்காரன்:

அம்மா, 1996 ஜனவரி 1 அன்று இந்தியாவில் உரிமை இருந்த பாட்டுக்கு அமெரிக்காவிலும் உரிமை திரும்பக் கிடைத்துவிட்டது. ஐம்பதுகளின் பாட்டு எல்லாம் அதில் வரும். கட்டாய உரிமம் வேண்டுமானால், அந்தப் பாட்டு ஏற்கெனவே உரிமையாளர் அனுமதியோடு அமெரிக்காவில் இசைத்தட்டாகவோ சிடியாகவோ விற்றிருக்க வேண்டும். அதற்கு முன்னால், உரிமை தயாரிப்பாளரிடமா கம்பெனியிடமா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதிலேயே பாதி உயிர் போகும். ஆனால் செய்யுங்கள், அப்படி ஒரு ரோலைக் கேட்க எனக்கும் ஆசை.

பெட்டிக்குள்பாட்டு:

எல்லோருக்கும் நன்றி. பெட்டி முழுவதையும் பிரித்துப் பட்டியல் போட்டேன். ஒன்றே ஒன்றில் சந்தேகம், துளைக்காரன் சார். மூன்று பாட்டுச் சேர்த்த மெட்லி ரோல். இரண்டு பாட்டு 1928-ல் அச்சானவை, மூன்றாவது 1932. மொத்த ரோலையும் விட்டுவிட வேண்டியதுதானா?

துளைக்காரன்:

விட வேண்டாம். மெட்லியில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கணக்கு. முதல் இரண்டும் சும்மா. 1932 பாட்டுக்கு 28-ஆம் வருஷம் உரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். 1963 வரை அச்சானவற்றுக்கு இந்த விதி உண்டு, புதுப்பிக்காதவை பொதுவுடைமையாகிவிட்டன. காப்பிரைட் அலுவலகத்தின் பழைய பட்டியல் புத்தகங்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் இருக்கின்றன. இசைப் பிரிவில் 1959, 1960 இரண்டு வருஷத்தையும் பாருங்கள். பாட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரில் நாலு பாட்டு இருக்கும், இசையமைப்பாளர் பெயரையும் ஒப்பிடுங்கள்.

புதுப்பித்திருந்தால் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் பதிப்பகத்துக்கு எழுதுங்கள். அவசரமில்லை என்றால் 2028 ஜனவரி 1 வரை பொறுத்தால் அதுவும் பொதுவுடைமைக்கு வந்துவிடும். ஆனால் காகிதம் அதுவரை தாங்காது, ஸ்கேனை இந்த வாரமே எடுத்து வைத்துவிடுங்கள்.