பொதி தருகிற முதலாளி சம்பளத்தில் பிடித்தால்?

கொட்டாஞ்சேனைக்காரி:
எங்கட பங்குக் கோயிலில் மாசாமாசம் உலர் உணவுப் பொதி கொடுக்கிறம். அரிசி, பருப்பு, சீனி, ஒரு டின்மீன், சின்னப் பால்மா பாக்கெட். பெயர்ப் பட்டியல் எழுதுவது நான். வரிசையில் வாற ஒரு அண்ணன் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை. பொதிக்குப் பருப்பும் சீனியும் சும்மா தாறவர் அவருடைய முதலாளியேதான்! விடியக்காலமே மூட்டை தூக்கத் தொடங்கியும் நாட்சம்பளம் அறை வாடகைக்கே காணாது. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) இல்லை. பூசை முடிவில் முதலாளிக்கு நன்றி வேறு வாசிக்கிறம், அதுவும் என் வாயால். திருச்சபை இதைப் பற்றி ஏதும் சொல்லியிருக்கா, இல்லை எனக்குத்தான் வயிற்றெரிச்சலா?

பழைய மறைக்கல்வி வாத்தி:
தங்கச்சி, பச்சையாகவே சொல்லியிருக்கு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தந்த பொதுநிலையினர் (குருமார் அல்லாத விசுவாசிகள்) பணி பற்றிய ஏட்டில் 8ஆம் பத்தியைப் பாருங்கோ. நீதிப்படி கொடுக்க வேண்டியதை முதலில் கொடு, அதையே தர்மமாகக் காட்டாதே என்பதுதான் அதன் சாரம். 1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ ‘ரேரும் நோவாரும்’ மடலில் ஒரு வாசலை அடைத்துவிட்டார்: வேறு வழியில்லாமல் குறைந்த கூலிக்கு ஒருவன் தலையாட்டினால், அவன் அநீதிக்கு ஆளானவன். "சம்மதிச்சுத்தானே வந்தான்" என்ற கதை எடுபடாது.

வெள்ளவத்தைக் கடைக்காரன்:
நானும் முதலாளிதான், சின்னக் கடை. 2022இல் டொலர் ஏறினபோது ஆளைக் குறைக்காமல் இழுத்ததே பெரும்பாடு. அதனால் எல்லா முதலாளியையும் ஒரே தராசில் போடாதீங்க. ஆனால் ஈபிஎஃபுக்குச் சாட்டே இல்லை. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதோட ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி இன்னும் 3 வீதம். நாட்சம்பளக்காரருக்கும் உண்டு. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம், ஆனால் அந்த அண்ணனைக் கேட்காமல் போகாதீங்க. வேலை போனால் நீங்களா சோறு போடப்போறீங்க? எங்கட மெதடிஸ்த கோயிலில் பைபிளில் உபாகமம் 24 வாசிப்பம், கூலியைப் பொழுதுபடுமுன் கொடு என்று. ஆமென் சொல்லிப்போட்டு எழும்பி வந்திருவம்.

கொட்டாஞ்சேனைக்காரி:
கேட்டன். "மகள் ஓஎல் சோதனை எழுதுமட்டும் பேசாம இருங்க பிள்ளை" என்றார். அதனால் திணைக்களம் இப்போதைக்கு வேண்டாம். ஃபாதரிடம் 8ஆம் பத்தியைக் காட்டினன். யாருடைய பெயரும் சொல்லாமல், கடையில் எல்லாருக்கும் பொதுவாக ஈபிஎஃப் பற்றி முதலாளியோடு தனியாகக் கதைக்கிறாராம். நன்றி வாசிக்க வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லிட்டன். கடைக்கார அண்ணா, பழைய வருச ஈபிஎஃப் பாக்கியைத் தவணையில் கட்ட விடுவாங்களா? அவர் முதலில் கேட்கப்போறது அதைத்தான்.