வெளிநாட்டில் மனை வாங்கி வீடு கட்டப் போகிறீர்களா? கையெழுத்துப் போடுமுன்

முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். மனையை அப்புறம் பார்க்கலாம். வேலை விசாவில் இருப்பவர், நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) பெற்றவர், குடியுரிமை வாங்கியவர் என மூன்று பேருக்கும் பல நாடுகளில் மூன்று விதமான சட்டம்.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஏற்கெனவே கட்டிய வீட்டை வாங்க 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை என்று தடை அறிவித்தார்கள். காலி மனைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வாங்க வேண்டும், 4 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும், கட்டி முடிக்கும்வரை விற்க முடியாது. நிரந்தர வசிப்புரிமை கைக்கு வந்துவிட்டால் இந்த அனுமதியே தேவையில்லை. அதனால் பிஆர் வருகிற கட்டத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருப்பதே நல்லது என்பேன்.

கனடாவில் வெளிநாட்டவர் வீடு வாங்க 2023 ஜனவரி 1இல் தடை வந்தது, பிறகு அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்தார்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களை அது கட்டுப்படுத்தாது. வீடில்லாத காலி மனையையும் 2023 மார்ச்சில் தடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் பிஆர் இருந்தாலும் காலி மனைக்கு நில ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மலேசியாவில் வெளிநாட்டவர் வாங்க மாநில அரசின் சம்மதம் வேண்டும். பிரிட்டனில் வாங்குவதற்கு விசா ஒரு தடையே இல்லை.

இதெல்லாம் தெரிந்ததும் யாராவது ஒருவர் வந்து, "என் பேருல வாங்கிப் போடுவோம், அப்புறம் மாத்திக்கலாம்" என்பார். வேண்டவே வேண்டாம். பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். அவர் விவாகரத்து ஆனாலும், கடனில் மூழ்கினாலும், செத்துப்போனாலும் உங்கள் மனை அவர் கணக்கில்தான் வரும். தடையைத் தாண்டுவதற்காகப் போட்ட ஏற்பாடு என்று தெரிந்தால் கோர்ட்டுக்குப் போய் உங்கள் பங்கைக் கேட்கவும் முடியாத நிலை வரலாம்.

சரி, வாங்கத் தகுதி இருக்கிறது. அடுத்தது என்ன? நம்மவர்கள் பெரும்பாலும் உரிமைப் பத்திரத்தைத்தான் துருவித் துருவிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர் மாதிரி நாடுகளில் நடப்பது டாரன்ஸ் முறை, 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அரசுப் பதிவேட்டில் உள்ள பெயர்தான் உரிமை. முப்பது வருடப் பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் பதிவான நிலத்துக்குப் பதிவேடுதான் பேசும். அமெரிக்கா வேறு வகை. அங்கே டைட்டில் இன்சூரன்ஸ், அதாவது உரிமையில் வில்லங்கம் வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு, எடுக்காமல் வாங்காதீர்கள். ஆக, உரிமைப் பிரச்சினையை வக்கீல் சீக்கிரமே தீர்த்துத் தந்துவிடுவார். பணம் முடங்குவது பெரும்பாலும் வேறு இடத்தில்: நிலம் உங்களுடையது, ஆனால் அதில் வீடு கட்ட முடியாது.

மனையின் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம், மொத்தம் 360 சதுர மீட்டர். பிளானின் பின்பக்கம் மெல்லிய கோடு போட்டு ஒரு பட்டை காட்டியிருக்கும், பக்கத்தில் பொடி எழுத்தில் ஈஸ்மெண்ட் என்று இருக்கும். அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறது, அதன்மேல் கட்டக் கூடாது என்று அர்த்தம். அது 3 மீட்டர் என்று வையுங்கள். முன்னால் 5 மீட்டர், பக்கத்துக்கு ஒரு மீட்டர் விட வேண்டும் என்று கவுன்சில் (உள்ளூராட்சி) விதி இருந்தால் மிச்சம் 22க்கு 10, அதாவது 220 சதுர மீட்டர். நீங்கள் காசு கொடுப்பதோ 360க்கு. ஏஜென்ட் இதைப் பொய்யாகச் சொல்லமாட்டார், சொல்லாமல் விட்டுவிடுவார். அவ்வளவுதான்.

ஈஸ்மெண்டைத் தவிர கவனன்ட் என்று ஒன்று உண்டு, மனையோடு ஒட்டிவரும் கட்டுப்பாடு. மாடி கூடாது, இத்தனை மாதத்துக்குள் கட்டத் தொடங்க வேண்டும், முகப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்றெல்லாம் புது லேஅவுட்காரர்கள் எழுதி வைப்பார்கள். வாங்கின பிறகு அது உங்களைக் கட்டும்.

பாதையையும் பாருங்கள். மனைக்கும் பொதுச் சாலைக்கும் நடுவில் ஒரு முழ அகலத் துண்டு வேறொருவருடையதாக இருக்கலாம். இங்கிலாந்தில் இதை ரான்சம் ஸ்ட்ரிப் என்பார்கள். கேம்பிரிட்ஜ் மாநகராட்சி சம்பந்தப்பட்ட 1961ஆம் வருட வழக்கிலிருந்து, அந்தத் துண்டுக்காரருக்குக் கிடைக்கும் பங்கு என்று பேச்சு எழுந்தால், பாதை கிடைப்பதால் மனைக்கு வரும் மதிப்பு உயர்வில் மூன்றில் ஒரு பங்கு என்பதே பேரத்தின் தொடக்கப் புள்ளியாகிவிட்டது. ஒரு முழ மண்ணுக்கு!

கட்டுமான அனுமதி இல்லாத விளைநிலத்தைத் துண்டு போட்டு, "சீக்கிரம் ரீஸோன் ஆயிடும்", அதாவது வீடு கட்டும் பகுதியாக மாறிவிடும், என்று விற்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் நிதி ஒழுங்காணையமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. விலை அடிமட்டமாக இருந்தால் முதல் கேள்வி இதுதான்: இங்கே வீடு கட்ட எழுத்துப்பூர்வமான அனுமதி இருக்கிறதா? இங்கிலாந்தில் அனுமதி நிலத்தோடு சேர்ந்தே கைமாறும். ஆனால் வழக்கமாக 3 ஆண்டுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் காலாவதி. விற்பவர் காட்டும் அனுமதிக் கடிதத்தில் தேதியைப் பாருங்கள்.

கவுன்சிலுக்கு நீங்களே போய்ப் பேசுங்கள். வெள்ள அபாயப் பகுதியா, கழிவுநீர் இணைப்பு உண்டா, இல்லாவிட்டால் செப்டிக் டேங்க் போட மண் ஒத்துழைக்குமா என்று கேளுங்கள். மண் பரிசோதனைக்குக் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஆஸ்திரேலியாவில் ஏ, எஸ், எம், எச்1, எச்2, ஈ, பி என்று மண்ணை வகைப்படுத்துவார்கள். எச், ஈ என்றால் ஈரத்துக்கு ஏற்ப உப்பியும் சுருங்கியும் ஆடும் களிமண், பி என்றால் பிரச்சினைக்குரிய மனை. அஸ்திவாரச் செலவு அங்கேதான் எகிறும். பில்டரின் விளம்பர விலையோ நல்ல மண்ணை வைத்துப் போட்டது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டுமானால் ஒப்பந்தத்தில் நிபந்தனை எழுதுங்கள். வங்கிக் கடன் கிடைத்தால், மண் அறிக்கை திருப்தியாக இருந்தால், கட்ட அனுமதி வந்தால் மட்டுமே வாங்குவேன் என்று. ஏலத்தில் இந்தச் சௌகரியம் கிடையாது. சுத்தியல் விழுந்தால் முடிந்தது.

பணம் அனுப்பும் நாளில்தான் திருடன் வருவான். உங்கள் வக்கீல் அனுப்பியது போலவே ஒரு மின்னஞ்சல் வரும், "எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அந்த மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்காதீர்கள், முதல் சந்திப்பில் வாங்கிய எண்ணுக்கு அழைத்து கணக்கு எண்ணை வாயால் சொல்லச் சொல்லுங்கள். விற்பவரின் வக்கீலையே "செலவு மிச்சம்" என்று நீங்களும் வைத்துக்கொள்வது தவறு. யாரும் வசிக்காத, அடமானம் இல்லாத காலி மனையைத்தான் ஆள்மாறாட்டக்காரர்கள் தேடிப் பிடித்து விற்பார்கள். விற்பவர் யார் என்று சரிபார்ப்பது உங்கள் வக்கீலின் வேலை. இங்கிலாந்தில் வாங்கியபின் நிலப்பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையில் உங்கள் மனையைச் சேர்த்துவிடுங்கள், யாராவது அதில் கைவைத்தால் தகவல் வரும்.

ஊரிலிருந்து பணம் வருகிறதென்றால் வந்த வழிக்குக் காகிதம் தயாராக இருக்கட்டும், வங்கியும் வக்கீலும் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து பெற்றோர் அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் வரம்பு ஒருவருக்கு நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர்.

பில்டர் விஷயம் தனிக் கதை. லைசென்ஸ் உண்டா, காப்பீடு உண்டா என்று அரசு இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். பெரிய முன்பணம் கேட்டால் நகர்ந்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 20,000 டாலர் முதலான ஒப்பந்தத்துக்கு முன்பணம் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். மீதிப் பணம் அஸ்திவாரம், சட்டகம், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் போக வேண்டும், முடிந்த வேலைக்கு மட்டும். வீட்டில் குடியேறலாம் என்ற சான்றிதழ் கையில் வருமுன் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். சாவியைக் காட்டி அவசரப்படுத்துவார்கள்.