கோழிக்குஞ்சு வாங்க ஒரு வழி சொல்லுங்க

வணக்கம் சொந்தங்களே. கானாடுகாத்தான் பக்கம் கொல்லையில நாட்டுக்கோழி வளர்க்கிறேன், ஒரு பேட்சுக்கு 200 குஞ்சு. பொரிப்பகத்துல பாதிப் பணம் கட்டி ஒரு மாசம் ஆச்சு. பறவைக்காய்ச்சல் பேச்சு வந்ததும் முட்டை வண்டி வரலைங்கிறாங்க, போன் பண்ணினா "அடுத்த வாரம்"ங்கிறாங்க.

கொட்டகையில உமி பரப்பி, பல்பு கட்டி, தகரத்தை வட்டமா வளைச்சு வச்சது அப்படியே கிடக்கு. காலையில அதைப் பார்த்தாலே மனசு கனக்குது. முட்டை பொரிய 21 நாள். இன்னைக்கே அடை வச்சாலும் மூணு வாரம் போயிடும். காய்ச்சல் வந்த இடத்துல அரசு அழிக்கிற கோழி, முட்டை, தீவனத்துக்குத்தான் இழப்பீடு. குஞ்சே வராம காத்திருக்கிற எங்களை யாரு கணக்குல எடுப்பா?

வேற இடத்துல கம்மி விலைக்குக் குஞ்சு தர்றேங்கிறாங்க. எந்த ஊருக் குஞ்சுன்னு கேட்டா பதில் இல்லை. 2024 ஏப்ரல்ல ஆலப்புழையில வாத்துக்கு எச்5என்1 பறவைக்காய்ச்சல் வந்தப்போ ஒரு கிலோமீட்டர் சுத்துல இருந்த பறவையையெல்லாம் அழிச்சாங்க. அதனால எனக்குப் பயம். வீட்டுல 14 தாய்க்கோழி நிக்குது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் தாய்க்கோழியைக் கண்ணால பார்த்து வாங்குற மாதிரி பொரிப்பகம் இருந்தா சொல்லுங்க. கட்டின முன்பணத்தைத் திரும்ப வாங்கினவங்க இருந்தா எப்படிப் பேசினீங்கன்னு எழுதுங்க. புதுக் குஞ்சை எத்தனை நாள் தனியா வைக்கிறீங்க? அடைக்கோழி வச்சே சமாளிக்கிற அக்காமார் யாராவது இருந்தா, ஒரு கோழிக்கு எத்தனை முட்டை வைக்கிறீங்கன்னும் சொல்லுங்க.