ஐம்பது மீட்டரில் சிதறிய தோட்டாக்கள்

தில்லிக்கு மாற்றலாகி வந்து, துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட கர்ணி சிங் சுடுதளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் செய்த பிழையை, புதிதாக ரைஃபிள் பழகும் நண்பர்களுக்காகப் பதிவு செய்கிறேன். உரிமப் புத்தகத்துடன் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழலுக்கான) தோட்டா வாங்கச் சென்றபோது, கடைக்காரர் ‘ஹை வெலாசிட்டி’ பெட்டியை எடுத்து வைத்து, வேகம் கூடினால் குறி தப்பாது என்றார், நானும் நம்பினேன்.

50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். என் குண்டுகளோ ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே இறைந்து கிடந்தன. மூச்சுப் பயிற்சி போதவில்லை, தோளில் கட்டை சரியாகப் பதியவில்லை என்று என்னையே நொந்துகொண்டு மூன்று வாரங்களைக் கழித்தேன். அதன் பிறகுதான், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற வேலூர்க்காரரான எங்கள் பயிற்சியாளர் என் பெட்டியை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, இது குழலை விட்டுக் கிளம்பும்போது ஒலியை முந்துகிறது, அட்டையை எட்டுவதற்குள் ஒலியின் வேகத்துக்கே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்தில்தான் குண்டு தள்ளாடும்,” என்றார்.

நொடிக்குச் சுமார் 380 மீட்டரில் புறப்படும் அந்தக் குண்டு, 50 மீட்டருக்குள் 340-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. போட்டிக்கான தோட்டாவோ தொடக்கத்திலேயே ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் கிளம்புவதால், அந்தத் தடுமாற்றத்தைச் சந்திப்பதே இல்லை. அவர் தந்த போட்டித் தோட்டாக்களை அன்றே சுட்டேன். மெழுகு பூசிய ஈயம் விரலில் பிசுபிசுத்தது. ஐந்து துளைகளையும் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிட முடிந்தது.

ஒரே நிறுவனத்தின் தோட்டாவானாலும் லாட் எண் (ஒரே தொகுதியாகத் தயாரானவற்றுக்கு இடும் எண்) மாறினால் அதே குழலில் வேறு விதமாகப் பாயும் என்பதையும் பிறகு கண்டுகொண்டேன். ஆகவே இப்போது இரண்டு மூன்று லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாக விழுவதையே மொத்தமாக வாங்குகிறேன். இதற்குச் செலவாகும் பணத்தை வீண் என்று நான் ஒருபோதும் கருதியதில்லை.

மறுமொழி:

தங்கள் பயிற்சியாளர் கூறியது முற்றிலும் சரி. ராணுவத்தில் இன்சாஸ் ரைஃபிளில் நான் சுட்ட 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டுக்குச் செப்புக் கலவை உறை முழுமையாக இருக்கும், அது விரியாமல் இருப்பதற்காக. உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899-இல் ஹேக் நகரில் நாடுகள் உடன்பட்டன. அத்தகைய குண்டுக்குக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையின் பெயரே வழங்கிவந்தது. விலங்கு நெடுநேரம் துடிக்காமல் விழ வேண்டும் என்பதற்காக வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் அதையே தேடி வாங்குகிறார்கள். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்தத் தேவைக்கே இடமில்லை. அட்டையில் துளையிடும் நமக்கு, உறையில்லாத ஈயமும் மிதமான வேகமும் போதும். ஜனவரி அதிகாலையில் மட்டும் முதல் நான்கைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல் சூடேறி மெழுகு படியும்வரை அவை விலகியே விழும்.