ரிமோட்ஆப்பில் தட்டச்சு தாமதம்: எந்த பாலிசியை மாற்றுவது?

விண்டோஸ் சர்வர் 2019, ஒரே செஷன் ஹோஸ்ட் (பயனர்கள் தொலைவிலிருந்து உள்நுழையும் சர்வர்), 8 கோர், 64 ஜிபி ரேம், ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) கிடையாது. ரிமோட்ஆப் (சர்வரில் ஓடும் மென்பொருளின் ஜன்னலை மட்டும் பயனர் கணினியில் காட்டும் வசதி) வழியாக 25 பேர் ஒரு கணக்கு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். மூன்று வாரமாக, 15 பேர் உள்ளே வந்தாலே தட்டிய எழுத்து ஒரு விநாடி கழித்துத்தான் திரையில் விழுகிறது. சிபியு 90 சதவீதத்தைத் தொடுகிறது. ரேம் பாதிகூட நிரம்பவில்லை.

குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) பிரிண்டர், ஆடியோ ரீடைரக்‌ஷனை நிறுத்தினேன். வால்பேப்பரையும் எடுத்தேன் (ரிமோட்ஆப்பில் அது தெரியவே தெரியாது, ஆற்றாமைதான்). ரிமோட் இணைப்புக்கான யுடிபி 3389 போர்ட் திறந்திருக்கிறது. பலனில்லை.

அப்புறம்தான் உறைத்தது: எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று ஏவிசி 444 முறையை (திரையை நிறத் துல்லியம் குறையாமல் வீடியோவாகச் சுருக்கி அனுப்புவது) இயக்கி வைத்தவன் நானேதான். ஜிபியு இல்லாததால் அந்தச் சுருக்கும் (என்கோடிங்) வேலை முழுக்க சிபியு தலையில். எல்லோரையும் வெளியேற்றிச் சோதிக்க இந்த ஞாயிறு ஒரு நாள்தான் கிடைக்கும்.

ஏவிசி 444-ஐ மட்டும் நிறுத்தினால் போதுமா, கூடவே வேறு எந்த பாலிசியை மாற்ற வேண்டும்?